கல்லாவுக்குக் கணக்கு உண்டு, வீட்டுக்கு?

(இளைஞர்களும் வணிகர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் மளிகை வணிகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்ல. தராசுக்குப் பின்னால் நின்றே காலத்தைக் கழித்தவன். மார்க்க விளக்கம் சொல்ல ஆலிம்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது பருப்பு, அரிசி, எண்ணெய். அதோடு, அவற்றை வாங்குகிற குடும்பங்களின் நிலையும் தெரியும். மளிகைக்காரனுக்குத் தெரியாத குடும்ப ரகசியம் இல்லை. எந்த வீட்டில் மாதக் கடைசியில் அரைக்கிலோ அரிசி வாங்குகிறார்கள், எந்த வீட்டுப் பிள்ளை "அத்தா எழுதிக்கச் சொன்னாங்க" என்று தலையைக் குனிந்து சொல்கிறது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும்.

அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். நம்மில் பலர் கஷ்டப்படுவது வருமானம் இல்லாததால் மட்டும் அல்ல. வந்த பணம் எங்கே போனது என்று தெரியாததால். உங்களிடமே கேட்கிறேன். போன மாதம் உங்கள் வீட்டுச் செலவு எவ்வளவு? ஆயிரம் ரூபாய் முன்னே பின்னே இருக்கட்டும், சொல்ல முடியுமா? கடையில் பத்து ரூபாய் குறைந்தால் பையனை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறோம். வீட்டில் பத்தாயிரம் குறைந்தாலும் "விலைவாசி ஏறிவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். இது சரியா?

என் கடை எப்படிக் காலியானது?

பிறர் கதையைச் சொல்வதைவிட என் கதையைச் சொல்வது நல்லது. 1994-ல் தனியாகக் கடை வைத்தேன். முதல் 60,000 ரூபாய். அதில் பாதி வாப்பா கொடுத்தது. இடம் நல்ல இடம். வியாபாரமும் குறையில்லை. ஆனால் இரண்டு வருடம் முடிவதற்குள் அலமாரிகள் காலியாகத் தெரிந்தன. முன் வரிசையில் ஒரு டப்பா இருக்கும். பின்னால் ஒன்றும் இருக்காது. மண்டியில் பாக்கி ஏறியது. ஒரு நாள் "பழைய கணக்கை முடிச்சுட்டு வாங்க பாய்" என்று சரக்கை நிறுத்திவிட்டார்கள். மனைவியின் சங்கிலியைக் கொண்டுபோய் வட்டிக்கு அடகு வைத்தேன். அல்லாஹ் மன்னிப்பானாக!

கண்ணேறு பட்டுவிட்டது என்றார்கள் சிலர். போட்டிக் கடை வந்துவிட்டது என்றேன் நான். அப்போது எங்கள் ஊர்ப் பெரிய வணிகர் ஒருவர் கடைக்கு வந்தார். காலி அலமாரியைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, வீட்டுக்கு நாளைக்கு எவ்வளவு எடுக்கிறே?"

"அதுக்கு ஏது பாய் கணக்கு? வேணுங்கிறதை எடுக்கிறதுதான். நம்ம கல்லாதானே?"

"அங்கேதான் தப்பு. கல்லாவுல இருக்கிறது உன் காசு இல்லே, மண்டிக்காரன் காசு. அதுல உன் பங்கு எவ்வளவுன்னு உக்காந்து எழுது" என்றார்.

எழுதினேன். கணக்கைக் கவனியுங்கள். அன்றைய விற்பனை நாளொன்றுக்கு 4,000 ரூபாய். மளிகையில் எனக்குக் கிடைத்த லாபம் நூற்றுக்கு 8. அதாவது 320 ரூபாய். வாடகை, கரண்ட், பையன் சம்பளம் எல்லாம் சேர்த்து 140. மிச்சம் 180. ஆனால் நான் வீட்டுக்கும் என் கைச்செலவுக்கும் எடுத்தது 280! தினம் 100 ரூபாய் முதலைத் தின்றிருக்கிறேன். 100 ரூபாய் பெரிதாகத் தெரியாது. 600 நாளில் அது 60,000 ரூபாய். என் முதல் முழுவதும் 20 மாதத்தில் தீர்ந்த கணக்கு இதுதான். கண்ணேறும் இல்லை, போட்டியும் இல்லை. என் கைதான்!

வணிகச் சகோதரர்களே! இன்று உங்கள் விற்பனை நாளுக்கு 20,000 ஆக இருக்கலாம். எண் பெரிதானதே தவிர கணக்கு அதேதான். மாலையில் கல்லா நிறைந்திருப்பதைப் பார்த்து மனம் நிறைந்துவிடாதீர்கள். அதில் உங்களுடையது எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள்.

முப்பது நாள் நோட்டு

பெரியவர் சொன்னபடி நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். முப்பது நாளைக்கு ஒரு ரூபாய் விடாமல் எழுதினேன். எழுதும்போது எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. செலவாளி என் மனைவிதான், மாதக் கடைசியில் நோட்டைக் காட்டிப் பேசலாம் என்று நினைத்தேன். நடந்ததென்ன? வீட்டுச் செலவில் அவர் கை வைத்த இடமெல்லாம் சரியாக இருந்தது. ஓட்டை என் பக்கத்தில் இருந்தது. சிகரெட், நண்பர்கள் வந்தால் நாலு டீ, எட்டு மணிக்கு ஒரு பரோட்டா பார்சல், தேவையில்லாமல் டவுனுக்குப் போய் வரும் ஆட்டோ. வெட்கமாக இருந்தது. "பொம்பளைங்க செலவு தாங்கலே" என்று பேசுகிற சகோதரர்கள் முதலில் தங்கள் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கட்டும்!

280 ரூபாயை 170-க்குக் கொண்டுவந்தோம். பிள்ளைகளின் பாலைக் குறைக்கவில்லை. உம்மாவின் மருந்தைக் குறைக்கவில்லை. வாரத்துக்கு ஒரு முறை, ஒரே நாளில், கல்லாவிலிருந்து சம்பளம் போல எடுத்து வீட்டில் கொடுத்துவிடுவேன். நடுவில் கை வைப்பதில்லை. சங்கிலி திரும்பி வர இரண்டு வருடமானது. அல்ஹம்துலில்லாஹ், அதன் பிறகு அடகுக் கடைப் படி ஏறவில்லை.

இளைஞர்களே! உங்களுக்கு நோட்டு இன்னும் அவசியம். எங்கள் காலத்தில் நூறு ரூபாய் நோட்டை மாற்றவே மனம் வராது. மாற்றினால் போய்விடுமே என்று இருக்கும். இன்று செல்போனில் ஒரு தட்டு! பணம் போனதே தெரியவில்லை. ஒரு டீயும் வடையும் 25 ரூபாய் என்று வையுங்கள். காலையும் மாலையும் சேர்த்து 50. மாதம் 1,500. வருடம் 18,000. டீயே குடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. 18,000 ரூபாய்க்கு டீ குடிக்கிறோம் என்று தெரிந்து குடியுங்கள் என்றுதான் சொல்கிறேன். இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு பிரியாணி வரவழைக்கிறவர், உணவின் விலையோடு கொண்டுவரும் கூலி, பொதி கட்டணம், வரி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கட்டும். அந்தப் பணத்தில் வீட்டில் எத்தனை பேர் சாப்பிடலாம் என்று உம்மாவிடம் கேட்கட்டும்.

சமையற்கட்டில் மிச்சம்

என் வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை, சில உண்மைகளைச் சொல்கிறேன்.

பட்டியல் இல்லாமல் கடைக்கு வராதீர்கள். வீட்டில் டப்பாவைத் திறந்து பார்த்து, இல்லாததை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். பட்டியல் இல்லாமல் வருகிறவர் கண்ணில் பட்டதை வாங்குகிறார். நாங்களும் கண்ணில் படும்படிதானே அடுக்கி வைக்கிறோம்! பசியோடும் வராதீர்கள். பசித்தவன் கை பிஸ்கட் பாக்கெட்டுக்குத்தான் போகும்.

பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நம்பிவிடாதீர்கள். பருப்பு, எண்ணெய் போன்றவற்றில் மொத்தமாக வாங்கினால் பெரும்பாலும் லாபம். ஆனால் ஷாம்பு போன்ற பொருள்களில் சிறிய பாக்கெட்டே மலிவாக இருப்பது உண்டு. எடையைப் பாருங்கள், விலையை வகுத்துப் பாருங்கள். விலையை ஏற்றாமல் எடையைக் குறைக்கிற தந்திரமும் உண்டு. அதே 10 ரூபாய் பாக்கெட்தான். உள்ளே இருப்பது குறைந்திருக்கும்.

கடன் நோட்டில் எழுதி வாங்குவதைக் கூடியவரை தவிருங்கள். காசு கொடுத்து வாங்கினால் அரைக்கிலோ போதும் என்பவர், எழுதி வாங்கினால் ஒரு கிலோ போடச் சொல்வார். முப்பது வருடமாக இதைப் பார்க்கிறேன். விலை கேட்பதும் இல்லை, கேட்கக் கூச்சம்.

கொண்டைக் கடலையை இரவே ஊறப் போடுங்கள். பருப்பையும் அரை மணி நேரம் ஊற வைத்துக் குக்கரில் போட்டால் கேஸ் மிச்சம். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். தண்ணீர் கொதித்த பிறகு எவ்வளவு தீ வைத்தாலும் அதன் சூடு ஏறாது. ஆவிதான் அதிகமாகப் போகும். அரிசியை உழக்கால் அளந்து போடுங்கள். கண் அளவில் போட்டால் தினம் ஒரு பிடி மிஞ்சும்.

கீழே விழுந்த கவளத்தைத் துடைத்துச் சாப்பிடவும், தட்டை வழித்துச் சாப்பிடவும் கற்றுக்கொடுத்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். முஸ்லிம் நூலில் இந்தச் செய்தி இருக்கிறது. நம் வீட்டு விருந்துகளில் சஹனிலும் இலையிலும் மிஞ்சுவதைப் பார்த்தால் யாருடைய உம்மத் என்று கேட்கத் தோன்றுகிறது.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்று புகாரியில் பார்க்கிறோம். ஏறக்குறைய ஒரு சொம்புத் தண்ணீர். நம் பள்ளிவாசல் ஹவுளுக்குப் பக்கத்தில் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, கையைச் சுருட்டிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிறோம். ஒரு வாளி ஓடிவிடுகிறது. அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் ஓடுகிறது. அதற்குக் கரண்ட் கட்டணம் ஜமாஅத் கட்டுகிறது. யார் பணம்? நம் பணம்!

மீட்டர் ஓடுகிறது

மின்சாரக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 510 யூனிட் ஓடினால் எவ்வளவு? 2,030 ரூபாய். வெறும் 10 யூனிட்டுக்கு 305 ரூபாய்! காரணம், 500-ஐத் தாண்டியவருக்கு 100 முதல் 200 யூனிட் வரை இருந்த குறைந்த விலை போய்விடும். அதன் பிறகு கட்டணம் மாற்றப்பட்டிருக்கிறது. ஆகவே இன்றைய பட்டியலை வாங்கிப் பார்த்து, உங்கள் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். மீட்டரை மாதம் ஒரு முறை நீங்களே குறித்துவைத்தால், படி தாண்டும் முன்பே தெரிந்துவிடும்.

எங்கே குறைப்பது? பழைய 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட். 9 வாட் எல்.இ.டி பல்பு அதே நேரத்துக்கு 3 யூனிட் கூட இல்லை. சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும். தினம் 15 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல். இப்போது வருகிற 30 வாட் விசிறிக்கு 27 யூனிட்தான். ஒரு விசிறியில் 40 யூனிட் மிச்சம். இருக்கிற விசிறியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது பழுதாகி, புதிது வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். கடையில் காலை முதல் இரவு வரை விளக்கெரிக்கிற வணிகர்களுக்கு இந்தக் கணக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

நோன்பு மாதத்தில் ஏறும் செலவு

இப்போது கசப்பான ஒன்றைச் சொல்கிறேன். ரமளானில் பகலில் அடுப்பு எரிவதில்லை. ஒரு வேளை உணவு குறைகிறது. அப்படியானால் மளிகைச் செலவு குறைய வேண்டும் அல்லவா? என் கடையில் வருடத்திலேயே பெரிய விற்பனை ரமளானில்தான்! எண்ணெய், கடலை மாவு, மைதா, சர்பத், சேமியா. வியாபாரிக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு முஸ்லிமாக யோசித்தால் மனம் கனக்கிறது. பசியைப் பழக வந்த மாதத்தில் பசியை ஈடுகட்டத் தின்கிறோம். நோன்புக் கஞ்சியும், பேரீத்தம் பழமும், ஒரு வடையும் போதாதா? ஏழைக்கு இஃப்தார் கொடுக்கச் செலவழியுங்கள்; அது விரயம் அல்ல. நம் வயிற்றுக்கு ஐந்து வகைப் பொரியல் விரயம்தான்.

கல்யாணமும் அப்படியே. ஸஃபிய்யா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மணந்தபோது தந்த வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. பேரீத்தம் பழம், பாலாடைக் கட்டி, நெய். அவ்வளவுதான். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனா வந்தார்கள். அன்சாரித் தோழர் தம் செல்வத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னார். இவர்களோ கடைவீதி எங்கே என்று கேட்டுப் போய், பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுப் பிழைத்தார்கள். பிறகு மணம் முடித்தபோது, ஓர் ஆட்டையாவது அறுத்து விருந்து கொடுக்கும்படி நபியவர்கள் சொன்னார்கள். கை ஊன்றி எழுந்த வணிகருக்கு ஓர் ஆடு! நாமோ கடன் வாங்கி ஆயிரம் பேருக்கு பிரியாணி போட்டுவிட்டு, ஐந்து வருடம் கடன்காரனுக்குப் பயந்து சந்து மாறி நடக்கிறோம்.

தவணை என்னும் தூண்டில்

"வட்டியே இல்லை, மாதத் தவணைதான்" என்று செல்போன் கடையில் சொல்கிறார்கள். இளைஞர்கள் மயங்கிவிடுகிறார்கள். வட்டியில்லாத் தவணை என்ற பெயரில் வட்டி வேறு உருவத்தில் வாங்கப்படுவதைச் சுட்டிக்காட்டி, வங்கிகளை ரிசர்வ் வங்கியே 2013-ல் கண்டித்தது. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது. நடைமுறைக் கட்டணம் என்று ஒன்று சேர்ந்திருக்கும். அதுதான் வட்டி! மாதம் 2,000 கட்டத் தயாராக இருக்கிற தம்பி, அதே 2,000-ஐ பத்து மாதம் சேர்த்து 20,000-க்கு ரொக்கமாக வாங்கலாமே? பத்து மாதம் பொறுத்தால் ஒருவேளை அந்த போன் தேவையில்லை என்றே தோன்றிவிடும். அதுவும் லாபம்தான்.

எதற்காக மிச்சம்?

சிலர் கேட்பார்கள்: "ரிஸ்க் அல்லாஹ் கையில். நாளையைப் பற்றி இன்றே ஏன் கவலை?" ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசுவது நம் மார்க்கம் அல்ல.

1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விமானம் ஏறி வந்தார்கள். அதுவரை மாதா மாதம் டிராஃப்ட் வந்த வீடுகளில் திடீரென்று ஒன்றும் வரவில்லை. 2020 மார்ச் 25-ல் நாடு முழுவதும் ஊரடங்கு. அந்த ஆண்டு ரமளான் முழுவதும் ஊரடங்கிலேயே கழிந்தது. பெருநாளை நம்பிச் சரக்கு எடுத்த ஜவுளி, செருப்பு வியாபாரிகள் பூட்டிய கடைக்கு வாடகை கட்டினார்கள். அந்த மாதங்களில் என் கடைக்கு வந்தவர்களைப் பார்த்தேன். பெரிய சம்பளம் வாங்கியவர்கள் கடன் கேட்டு நின்றார்கள். தையல் தைக்கிற ஒரு சகோதரி அரிசி டப்பாவில் போட்டு வைத்திருந்த ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கொடுத்து ரொக்கத்துக்கு வாங்கிப் போனார். அன்று யார் பணக்காரர்?

ஆகவே, மிச்சமாகும் பணத்துக்கு மூன்று வேலை கொடுங்கள். முதலில் கடனை அடையுங்கள். அதிலும் வட்டிக் கடனை முதலில். அடுத்து, வருமானமே இல்லாவிட்டாலும் மூன்று மாதம் வீடு நடக்கும் அளவுக்குத் தனியாக வையுங்கள். மூன்றாவது பிள்ளைகளின் படிப்பு. மகனுக்கு மட்டும் அல்ல, மகளுக்கும்.

ஓர் எச்சரிக்கை. சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. விரயம் செய்யாமலும் கையை இறுக்கிக்கொள்ளாமலும் நடுநிலையில் நிற்பவர்களைத்தான் திருக்குர்ஆன் 25-வது அத்தியாயம் 67-வது வசனம் புகழ்கிறது. கடைப் பையன் சம்பளத்தில் பிடித்துவிட்டு அதைச் சிக்கனம் என்று சொல்லாதீர்கள். பெற்றோரின் மருந்திலும், ஜகாத்திலும், வாசலில் நிற்கும் ஏழையிடத்திலும் மிச்சம் பிடிக்காதீர்கள். அது மிச்சம் அல்ல, பிறர் பாக்கி. நம் ஆடம்பரத்தில் பிடிப்பதுதான் சிக்கனம்.

சகோதரர்களே! நீண்ட திட்டம் எதுவும் உங்களிடம் கேட்கவில்லை. இன்றிரவு வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். என் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை! மனைவியோடு உட்காருங்கள். முப்பது நாள் எழுதுங்கள். முப்பத்தோராம் நாள் இருவரும் சேர்ந்து கூட்டிப் பாருங்கள். கூட்டிய தொகைக்குப் பக்கத்தில் உங்கள் உண்மையான வருமானத்தை எழுதுங்கள். எந்தப் பக்கம் பெரிது என்று பாருங்கள்.

மறுமையில் செல்வத்தைப் பற்றி இரண்டு கேள்வி உண்டு என்று படித்திருக்கிறோம். எப்படிச் சம்பாதித்தாய், எப்படிச் செலவழித்தாய் என்று. முதல் கேள்விக்குப் பதில் தயார் செய்வதில் நாம் கவனமாகத்தான் இருக்கிறோம். இரண்டாவது கேள்விக்கு இந்த நோட்டு உதவட்டும், இன்ஷா அல்லாஹ்!